பச்சை ஸ்போர், வெள்ளை ஸ்போர் இரண்டும் ஒரே பேரினமா? காளானை வகைப்படுத்த எதை நம்புவது: கண்ணையா, மரபணுவையா?

அல்சூர்வாசி

இந்த வாரத்து மழைக்கு எங்கள் அபார்ட்மென்ட் புல்வெளி முழுக்கக் காளான். ஒரு சாண் அகலத்துக்கு வெள்ளைக் குடை, உச்சியில் பழுப்புச் செதில், தண்டில் வளையம். தோட்டம் பார்க்கும் தர்மபுரி அண்ணன் மஞ்சள் பையோடு வந்து நின்றார், குழம்பு வைக்கலாம் என்று. கொஞ்சம் பொறுங்கள் அண்ணே என்று சொல்லி, ஒன்றை மட்டும் வாங்கி ஸ்போர் (காளானின் விதை மாதிரியான தூள்) அச்சு எடுத்தேன். தண்டைக் குடையோடு ஒட்ட நறுக்கி, பாதி வெள்ளையும் பாதி கருப்புமாக ஒட்டிய தாளில் செவுள் (குடைக்கு அடியில் உள்ள தகடுகள்) கீழே இருக்கும்படி கவிழ்த்து, மேலே எவர்சில்வர் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் திறந்தால் நடுவிலிருந்து ஓரம் வரை கோடு கோடாகத் தூள். வெள்ளைத் தாளில் நன்றாகவே தெரிந்தது: சாம்பல் கலந்த பச்சை.

பச்சை அச்சு என்றால் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்று கையேடு சொல்கிறது. சரி. ஆனால் அதே பேரினத்தில் குளோரோஃபில்லம் ரேக்கோடிஸ் என்று இன்னொன்று இருக்கிறது, அதன் ஸ்போர் வெள்ளை. முன்பு மேக்ரோலெபியோட்டா என்ற பேரினத்தில் இருந்ததாம், மரபணுவைப் பார்த்து இங்கே மாற்றினார்களாம். பச்சை ஸ்போர் என்பதற்காகவே தனியாகப் பிரித்த பேரினத்தில் வெள்ளை ஸ்போர்க்காரனை எப்படிச் சேர்த்தார்கள்? அப்புறம் இந்த அச்சுக்கு என்னதான் மதிப்பு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரத்தடி மைக்காலஜி

முதலில் அந்த அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், சமைக்க வேண்டாம். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆளைப் புரட்டிப் போட்டுவிடும். குழந்தைகளும் வயசானவர்களும் நீர் வற்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிவரும். இன்னொன்று: குடை விரியாத பருவத்தில் இதன் செவுள் வெள்ளையாகவே இருக்கும். ஸ்போர் முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். 'பச்சையாக இல்லையே' என்று மொட்டாகப் பறித்துச் சாப்பிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு.

இனி கேள்விக்கு வருகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் வருஷா வருஷம் இதைப் பாடம் எடுத்துப் பழகிய வாய்.

ஸ்வீடன் நாட்டு எலியாஸ் ஃபிரீஸ் 1821இல் தன் பெரிய நூலின் முதல் தொகுதியை வெளியிட்டபோது, செவுள் காளான்களில் பெரும்பாலானவற்றை அகாரிக்கஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே ஸ்போரின் நிறத்தால் பிரித்தார். வெள்ளை, இளஞ்சிவப்பு, பழுப்பு, கருப்பு என்று போகும். அதற்குத் தாளும் கண்ணும் போதும். அவர் பிரித்த பிரிவுகள் பின்னால் பேரினங்களாகவும் குடும்பங்களாகவும் வளர்ந்தன. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அந்தச் சட்டகம் ஓடியது. ஓடியதற்குக் காரணம் சோம்பல் இல்லை, அது பெரும்பாலும் பொருந்தி வந்தது. பொருந்தாத இடங்களில் புதுப் பேரினம் போட்டார்கள். 1898இல் ஜார்ஜ் மாசீ குளோரோஃபில்லத்தைப் போட்டது அப்படித்தான்: வெள்ளை ஸ்போர்க் குடும்பத்தின் முகஜாடை, ஆனால் பச்சைத் தூள், ஆகவே தனி வீடு.

2002, 2003 வாக்கில் எல்சே வெல்லிங்காவும் கூட்டாளிகளும் மேக்ரோலெபியோட்டாவின் மரபணு வரிசைகளை ஒப்பிட்டார்கள். அந்தப் பேரினம் இரண்டாகப் பிளந்தது. மேக்ரோலெபியோட்டா புரோசெராவும் அதன் சொந்தங்களும் ஒரு கிளை. ரேக்கோடிஸும் வேறு சிலவும் பச்சை ஸ்போர் மாலிப்டைட்டிஸோடு சேர்ந்து இன்னொரு கிளை. அதே கிளையில், குடையே விரிக்காமல் மூடிய உருண்டையாகவே முதிர்ந்துவிடும் ஒரு காளானும் வந்து நின்றது. அதற்கு அதுவரை எண்டாப்டைக்கம் என்று தனிப் பேரினம் இருந்தது.

இங்கேதான் ரசமான விஷயம். மரபணுவை வைத்து வரைந்த இந்த உறவு மரம் கையில் கிடைத்த பிறகு, காளானைத் திரும்பப் பார்த்தார்கள். புரோசெரா வகையின் தண்டில் பாம்புத்தோல் மாதிரி பட்டை பட்டையாகக் கோலம் இருக்கும். குளோரோஃபில்லம் கிளையில் தண்டு வழவழப்பு. குடையின் மேல்தோலை நறுக்கி நுண்ணோக்கியில் வைத்தால், குளோரோஃபில்லத்தில் செல்கள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன. இரண்டும் ஃபிரீஸ் காலத்திலேயே கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டிய அடையாளங்கள்தான். எதற்கு எடை அதிகம் கொடுப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஸ்போர் நிறத்துக்குக் கொடுத்தோம், அது இந்தக் கிளையில் மாறிப்போன ஒன்று.

அதனால் உங்கள் அச்சு வீண் இல்லை. இன்றைக்கு அந்தப் புல்வெளியில் முளைத்தது எது என்று சொல்ல அது மிக நல்ல சாட்சி. எதற்கு எது உறவு என்று கேட்டால் மட்டும் அது தடுமாறும்.

டேட்டா தம்பி

மேடம், நான் ஒயிட்ஃபீல்டில் மரபணுத் தரவு பார்க்கும் வேலையில் இருக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்தக் காலத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னும் தண்டில் கோலமா வழவழப்பா என்று பார்க்க வேண்டுமா? ஒரு துண்டு சதை, டி.என்.ஏ. பிரித்தெடுப்பு, ஐ.டி.எஸ். பகுதிக்கு பி.சி.ஆர்., வரிசையைத் தரவுத்தளத்தில் போட்டால் பெயர் வந்துவிடும். 2012இல் பூஞ்சைகளுக்கான பொதுப் பார்கோடாக ஐ.டி.எஸ்.ஸை முன்மொழிந்துவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே 1990இலிருந்து, அந்தப் பகுதியை நகலெடுக்க உதவும் அதே பிரைமர்களை (சின்ன டி.என்.ஏ. துண்டுகள்) உலகமே பயன்படுத்துகிறது. ரைபோசோம் மரபணுக்களுக்கு நடுவே இருக்கும் பகுதி, ஒரு செல்லில் நிறையப் பிரதிகள், பழைய காய்ந்த மாதிரியில் இருந்தும் எடுக்கலாம். சுமார் 600 எழுத்து. முடிந்தது.

சும்மா படிக்கிறவன்

//முடிந்தது//

இந்த மன்றத்தில் யாராவது அப்படிச் சொன்னால் அங்கேதான் ஆரம்பிக்கும். பாப்கார்ன் எடுத்து வருகிறேன்.

மைக்ரோ லேப் அக்கா

தம்பி சொல்வதில் பாதி எனக்கு ஒத்துப்போகிறது, நான் ஆஸ்பத்திரி நுண்ணுயிரியல் லேபில் இருக்கிறவள். கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் நல்ல உதாரணம். 2009இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரித்தார்கள். சர்க்கரைகளை எப்படிச் செரிக்கிறது என்பதை வைத்துப் பெயர் சொல்லும் இயந்திரங்கள் இதைக் கேண்டிடா ஹெமுலோனியை என்று காட்டிக்கொண்டிருந்தன. ஈஸ்ட்டுக்கு உருவம் என்று பெரிதாக என்ன இருக்கிறது? உருண்டை, மொட்டு விடும், அவ்வளவுதான். வரிசையோ, புரத நிறமாலை பார்க்கும் மால்டி இயந்திரமோ இல்லாமல் இதைப் பிடிப்பது கஷ்டம். பல மருந்துக்கு அடங்காத கிருமி, பெயர் மாறினால் வார்டில் எடுக்கும் நடவடிக்கையே மாறும்.

மீதிப் பாதிக்கு வருகிறேன். 2021இல் கொரோனா இரண்டாம் அலை நேரம். மூக்கிலிருந்து எடுத்த திசு நள்ளிரவில் வரும். கே.ஓ.ஹெச். (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) சொட்டு விட்டு, மூடுகண்ணாடி வைத்து, கொஞ்சம் சூடு காட்டிப் பார்ப்போம். அகலமான, குறுக்குச் சுவர் அநேகமாக இல்லாத, ரிப்பன் மாதிரி மடங்கிக் கிடக்கும் இழை, கிளை ஏறக்குறைய செங்கோணத்தில் பிரிந்தால் மியூக்கர் வகை, கருப்புப் பூஞ்சை என்று பேசப்பட்டது. மெல்லிய இழை, குறுக்குச் சுவர் வரிசையாக, கிளை கூர்ங்கோணத்தில் என்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் பக்கம். போனில் டாக்டரிடம் அதைச் சொல்வோம். வோரிகோனசோல் ஆஸ்பெர்ஜில்லஸுக்கு நல்ல மருந்து, மியூக்கர் வகைக்கு அது வேலை செய்யாது, ஆம்ஃபோடெரிசின் வேண்டும். வரிசை வரும்வரை காத்திருந்தால் கண் போய்விடும், உயிரும் போய்விடும். உருவம் பார்ப்பது பழசு என்று சொல்கிறவரை ஒரு ராத்திரி என் பெஞ்சில் உட்கார வைக்க ஆசை.

இதிலும் ஒன்று கவனியுங்கள். அந்த மியூக்கர் வகைகளை நாங்கள் படித்தபோது ஸைகோமைக்கோட்டா என்ற தொகுதியில் வைத்திருந்தார்கள். 2016இல் அதைக் கலைத்து மியூக்கரோமைக்கோட்டா, ஸூபாகோமைக்கோட்டா என்று இரண்டாக்கிவிட்டார்கள். என் மைக்ரோஸ்கோப்பில் தெரிவது ஒன்றும் மாறவில்லை.

காளான் பண்ணை

வணக்கம். ஹெசரகட்டா பக்கம் சின்ன அளவில் சிப்பிக் காளான் போடுகிறேன், சொந்த ஊர் ஈரோடு. பெயர்க் குழப்பம் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் வித்து வாங்கும்போது பாக்கெட்டில் 'சஜோர் காஜு' என்று எழுதியிருக்கும். ஒரு பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர், அது சஜோர் காஜுவே இல்லை என்று சொல்லிவிட்டார். அப்போ வருஷக்கணக்கில் நான் என்னத்தை விற்கிறேன்?

மரத்தடி மைக்காலஜி

நல்ல காளானைத்தான் விற்கிறீர்கள், பயப்படாதீர்கள். அது புளூரோட்டஸ் பல்மோனேரியஸ். உண்மையான சஜோர் காஜு லென்டினஸ் என்ற வேறு பேரினம், தண்டில் வளையம் இருக்கும், சதை தோல் மாதிரி கெட்டி, சந்தையில் போட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். 1970களில் இந்தியாவில் வளர்ப்புக்கு எடுத்த காளானுக்கு அந்தப் பெயரைத் தவறாக ஒட்டினார்கள், பெயர் வித்தோடு சேர்ந்து உலகம் சுற்றியது. இதைக் கண்டுபிடிக்க மரபணு வரை போக வேண்டியதே இல்லை. நறுக்கிப் பார்த்தால் லென்டினஸ் சதையில் தடித்த சுவர் கொண்ட இழைகளும் மெல்லிய இழைகளும் கலந்து கிடக்கும். உங்கள் சிப்பிக் காளானில் அது அந்த மாதிரி இருக்காது. ஒரு மிருதுவான கறிக்கும் செருப்புத் தோலுக்கும் உள்ள வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது.

புளூரோட்டஸில் இன்னொரு சோதனையும் செய்தார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. ஒற்றை ஸ்போரிலிருந்து வளர்த்த இழைகளைத் தட்டில் எதிரெதிரே வைத்து, கூடுகின்றனவா என்று பார்ப்பது. கூடாத கூட்டங்கள் தனித்தனிச் சிற்றினங்கள். பிறகு டி.என்.ஏ. மரம் வரைந்தபோது அந்தக் கூட்டங்களும் கிளைகளும் பெரும்பாலும் ஒத்துப்போயின. உருவம், மரபணு என்று இரண்டே சாட்சி இருப்பதாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

காளான் பண்ணை

நன்றிங்க மேடம். அப்படியே பால் காளானும் எங்கள் ஊர்ப் புற்றுக் காளானும் பற்றி ஒரு சந்தேகம். இரண்டும் சொந்தம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நம்ப முடியவில்லை. ஒன்று வைக்கோல் பெட்டில் வளர்கிறது, இன்னொன்றை என்ன செய்தாலும் வளர்க்க முடியவில்லை.

மரத்தடி மைக்காலஜி

வீடியோ சொன்னது சரி. இரண்டும் லயோஃபில்லேசியே குடும்பம். பால் காளானை 1974இல் மேற்கு வங்கத்திலிருந்து கலோசைபி இண்டிகா என்று விவரித்தார்கள், வெள்ளை ஸ்போர். புற்றுக் காளான்கள் டெர்மிட்டோமைசிஸ் பேரினம், 1942இல் பிரெஞ்சுக்காரர் ரோஜர் ஐம் ஏற்படுத்தியது, ஸ்போர் அச்சு இளஞ்சிவப்பு. தென்னிந்தியாவில் கிடைக்கும் ஒரு சிற்றினத்துக்கு அவர் நினைவாகவே டெர்மிட்டோமைசிஸ் ஐமி என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் 1979இல் பெயர் வைத்தார்.

இளஞ்சிவப்பு அச்சும் தண்டில் ஒட்டாத செவுளும் இருப்பதால் முன்பு இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு குடும்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். டி.என்.ஏ. கலோசைபியின் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. கறையானோடு இந்த உறவு ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு முறை தொடங்கி, அங்கிருந்து ஆசியாவுக்கு வந்தது என்றும் மரங்களைப் பார்த்துத்தான் தெரிந்தது. கறையான் தன் கூட்டுக்குள் சீப்பு மாதிரி அடுக்கு கட்டி அதில் பூஞ்சையை வளர்க்கிறது. காளானைப் பிடுங்காமல் பக்கத்து மண்ணைத் தோண்டிப் பாருங்கள், தண்டு வேர் மாதிரி மெலிந்து கீழே போய்க்கொண்டே இருக்கும், அந்த அடுக்கில் போய் முடியும். அதை அறுத்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் மாதிரியாகக் கொண்டுவருகிற மாணவர்களிடம் நான் கோபப்படுவது இதனால்தான். மிக முக்கியமான அடையாளத்தை மண்ணிலேயே விட்டுவிட்டு வந்து, 'மேடம் இது என்ன' என்றால்?

மலைநாடு மருமகன்

நான் தமிழ், மனைவி வீடு தீர்த்தஹள்ளி பக்கம், பாக்குத் தோட்டம். இங்கே பேசுவது எல்லாம் பெயர் விளையாட்டு மாதிரி தோன்றலாம், தோட்டக்காரனுக்குக் காசு விஷயம். மழைக்காலத்தில் பாக்குக் குலையில் வரும் கொளே ரோகத்துக்கு (காய் அழுகல் நோய்) மாமனார் வீட்டில் மழைக்கு முன்னாலேயே மரத்துக்கு மரம் ஏறி போர்டோக் கலவை அடிப்பார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும். 1910 வாக்கில் மைசூர் அரசில் இருந்த கோல்மன் இந்த நோயை ஆராய்ந்து அதைச் சொல்லிக் கொடுத்தார், இன்னும் ஓடுகிறது. நான் ஒருமுறை, பூஞ்சைக்குத்தானே என்று, வேறு பயிருக்கு வாங்கிய அசோல் வகை மருந்தைப் பற்றிக் கேட்டேன். வேளாண் அதிகாரி 'அது இதுக்கு வேலைக்காகாது, இது பூஞ்சையே இல்லை' என்றார். பூஞ்சை மாதிரி இழை விடுகிறது, ஸ்போர் விடுகிறது, அப்புறம் எப்படிப் பூஞ்சை இல்லை?

மரத்தடி மைக்காலஜி

அதிகாரி சரியாகச் சொல்லியிருக்கிறார். பைட்டோஃப்தோரா. அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் கொண்டுவந்ததும் இதே பேரினம். பார்வைக்கு அச்சு அசல் பூஞ்சை, அதனால் நெடுங்காலம் பூஞ்சைக் கூட்டத்திலேயே வைத்திருந்தோம். ஆனால் சந்தேகம் முன்பே இருந்தது. செல்சுவரில் செல்லுலோஸ், மெய்ப் பூஞ்சையிலோ கைட்டின். நீந்தும் ஸ்போருக்கு இரண்டு சாட்டை, ஒன்று முன்னே ஒன்று பின்னே. நீந்தும் மெய்ப் பூஞ்சைகளுக்குப் பொதுவாகப் பின்பக்கம் ஒன்றே ஒன்று. ரைபோசோம் வரிசைகள் வந்தபோது இது பழுப்புக் கடற்பாசி, டயாட்டம் இருக்கும் கிளைக்குப் போய்விட்டது. மருந்து விஷயத்துக்குக் காரணம் நேரடியானது: அசோல் மருந்துகள் பூஞ்சைச் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டிரால் என்ற கொழுப்பின் தயாரிப்பைத் தடுக்கின்றன, பைட்டோஃப்தோரா எர்கோஸ்டிரால் தயாரிப்பதே இல்லை. போர்டோக் கலவையில் (மயில்துத்தத்தில்) உள்ள தாமிரம் வேறு வழியில் கொல்கிறது, அதனால் வேலை செய்கிறது.

மெய்ப் பூஞ்சைகள் எங்கே போயின தெரியுமா? நம் பக்கம். லின்னேயஸ் செடிகளோடு வைத்தார், 1969இல் விட்டேக்கர் தனி உலகமாக்கினார், 1993இல் புரத வரிசைகளை ஒப்பிட்டபோது விலங்குகளுக்குத்தான் நெருக்கம் என்று வந்தது. கிளைக்கோஜன் சேமிப்பதும் கைட்டினும் முன்பே ஜாடை காட்டின. பூஞ்சை நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது சிரமமாக இருப்பதில் இந்தச் சொந்தத்துக்கும் பங்கு உண்டு.

மைக்ரோ லேப் அக்கா

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. நியூமோசிஸ்டிஸ், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நிமோனியா கொண்டுவருவது. ஒட்டுண்ணி, புரோட்டோசோவா என்றே பாடப்புத்தகத்தில் இருந்தது. 1988இல் ரைபோசோம் ஆர்.என்.ஏ. பார்த்து, இது பூஞ்சை என்றார்கள். ஆனால் இதன் சவ்விலும் எர்கோஸ்டிரால் இல்லை, வழக்கமான பூஞ்சை மருந்து பலிக்காது, இன்னும் கோட்ரைமாக்சசோல் என்ற பாக்டீரியா மருந்துதான். ஆக, உறவு தெரிந்தால் மருந்து தெரிந்துவிடும் என்றும் சொல்ல முடியாது.

செட்டிநாட்டு மருமகள்

நடுவில் ஒரு சமையலறைக் கேள்வி, திட்டாதீர்கள். கல்பாசி பூஞ்சையா பாசியா? எங்கள் வீட்டில் மட்டன் குழம்புக்குத் தாளிக்கும்போது அதுதான் முதலில் எண்ணெயில் விழும். மல்லேஸ்வரத்தில் வாங்கினேன், ஒரே பாக்கெட்டில் அடர் சாம்பலும் வெளிர் பச்சையுமாகக் கலந்து கிடக்கிறது.

மரத்தடி மைக்காலஜி

திட்டுவானேன், அருமையான கேள்வி. கல்பாசி லைக்கன்: பூஞ்சையும் பாசியும் சேர்ந்த உடம்பு. உள்ளே பச்சைப் பாசி உணவு தயாரிக்கிறது, வடிவம் கொடுப்பது பூஞ்சை. வகைப்படுத்தும்போது விதிப்படி லைக்கனின் பெயர் அதன் பூஞ்சைக்குத்தான் உரியது, பாசிக்குத் தனிப் பெயர். கல்பாசி என்றால் முதலில் சொல்வது பார்மோட்ரீமா பெர்லேட்டம், ஆனால் கடையில் வருவது அநேகமாகப் பல சிற்றினங்களின் கலவை. காட்டில் பொறுக்குகிறவர் மணத்தைப் பார்ப்பார், விளிம்பில் உள்ள முடியை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

லைக்கன்காரர்கள் நெடுங்காலமாக வேதியியலை நம்பினார்கள். பொட்டாஷ் கரைசல் ஒரு சொட்டு, பிளீச்சிங் கரைசல் ஒரு சொட்டு, மஞ்சளாகிறதா சிவப்பாகிறதா என்று பார்ப்பார்கள். வட அமெரிக்காவில் பிரயோரியா என்று ஒரு லைக்கன். மஞ்சள் நிறத்தில், நச்சுள்ள வல்பினிக் அமிலத்தோடு ஒன்று, பழுப்பில் அது குறைவாக இன்னொன்று. இரண்டு சிற்றினம் என்று வைத்திருந்தார்கள். பூஞ்சையின் மரபணுவும் பாசியின் மரபணுவும் இரண்டிலும் ஒன்றே. 2016இல் லைக்கனின் மேல்தோலில் மூன்றாவதாக ஒரு ஈஸ்ட் இருப்பதைக் கண்டார்கள், மஞ்சளில் அது அதிகம். இங்கே வகைப்படுத்துவது எதை? நான் பதில் சொல்லத் தயங்கும் கேள்விகளில் இது ஒன்று.

டேட்டா தம்பி

எல்லாம் சுவாரசியம், ஆனால் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. உருவத்தைப் பார்த்துத் தவறியதற்கு நீங்களே வரிசையாக உதாரணம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மேக்ரோலெபியோட்டா, சஜோர் காஜு, பைட்டோஃப்தோரா. ஐ.டி.எஸ். தவறியதற்கு ஒன்று சொல்லுங்கள்.

மரத்தடி மைக்காலஜி

சொல்கிறேன் தம்பி. நீங்கள் தரவுத்தளத்தில் போட்டு எடுக்கும் பெயரை அங்கே ஒட்டியது யார்? யாரோ ஒருவர், காளானைக் கண்ணால் பார்த்து ஒட்டியதுதான். 2006இல் பொதுத் தரவுத்தளத்தில் இருந்த பூஞ்சை ஐ.டி.எஸ். வரிசைகளைச் சோதித்தார்கள், சிற்றினப் பெயரில் 20 சதவீதம் வரை தவறாக இருக்கலாம் என்று வந்தது. சஜோர் காஜு என்ற பெயரிலேயே பல்மோனேரியஸ் வரிசைகள் அங்கே கிடந்தால், உங்கள் இயந்திரம் 100 சதவீதப் பொருத்தத்தோடு தவறான பெயரைச் சொல்லும். நிறையப் பேர் அந்த 100ஐப் பார்த்துவிட்டுக் கட்டுரையே எழுதிவிடுகிறார்கள். நான் மதிப்பீட்டுக்கு வாங்கிப் பார்த்த ஆய்வேடுகளில் ஐ.டி.எஸ். பொருத்தம் இருக்கும், காளானின் ஒரு நறுக்குப் படம்கூட இருக்காது. உலர்மாதிரி எங்கே என்று கேட்டால் கெட்டுப்போய்விட்டது என்பார்கள். அது அறிவியலாகாது.

இரண்டாவது, ஐ.டி.எஸ். எல்லா இடத்திலும் பிரித்துக் காட்டாது. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், ஃபுசேரியம், டிரைக்கோடெர்மா போன்றவற்றில் நெருங்கிய சிற்றினங்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரே மாதிரி. கால்மொடுலின், பீட்டா டியூபுலின், டி.இ.எஃப். என்று வேறு மரபணுக்களுக்குப் போக வேண்டும். ஃபிளெமிங்கின் பூஞ்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1928இல் தட்டில் விழுந்ததற்கு முதலில் பெனிசிலியம் ரூப்ரம் என்று பெயர் சொன்னார்கள். பிறகு சார்லஸ் தாம் நொட்டேட்டம் என்றார். பிறகு கிரைசோஜீனத்தோடு சேர்த்தார்கள். 2011இல் பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்து ரூபென்ஸ் என்று முடித்தார்கள். உலகத்தில் அதிகம் பேர் கையாண்ட பூஞ்சைகளில் ஒன்று அது. அதுவே எண்பது வருஷம் அலைந்திருக்கிறது.

மூன்றாவது, புதிய சிற்றினத்துக்குப் பெயர் வைக்க மாதிரி வேண்டும். மண்ணிலிருந்து வாரி எடுத்த வரிசைகளில் யாரும் கண்ணால் பார்த்திராத பூஞ்சைகள் குவிந்து கிடக்கின்றன. வரிசையை மட்டுமே மூலமாக வைத்துப் பெயரிட அனுமதி வேண்டும் என்று 2018இல் பன்னாட்டுக் கூட்டத்தில் கேட்டார்கள், மறுத்துவிட்டார்கள். எனக்கு அந்த மறுப்பு சரியென்றே படுகிறது. உங்களுக்குப் படாது என்று தெரியும்.

டேட்டா தம்பி

படாதுதான். விவரித்தவை ஒன்றரை லட்சம் சொச்சம், மதிப்பீடு 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை. ஒவ்வொன்றுக்கும் உலர்மாதிரி வேண்டுமென்றால் இன்னும் சில நூற்றாண்டு ஆகும். அதுவரை அவற்றைப் பெயரில்லாமல் எண் போட்டே கூப்பிடுவீர்களா?

மரத்தடி மைக்காலஜி

இப்போதைக்கு எண்தான். பூஞ்சை வரிசைகளுக்கான யுனைட் தரவுத்தளம் அப்படித்தான் செய்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. எண்ணைப் பின்னால் திருத்தலாம். பெயர் வைத்துவிட்டால் அது கட்டுரை, மருந்துச்சீட்டு, சட்டம் என்று எல்லா இடத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

ஓய்வுபெற்ற தாவரவியல்

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். தம்பிகள் எல்லாம் உருவம் என்றால் வெறும் நிறமும் அளவும் என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். சென்னையில் எங்கள் காலத்தில் பூஞ்சையியலாளர் சி.வி. சுப்பிரமணியன் இருந்தார். பாலினப் பருவம் தெரியாத பூஞ்சைகளை அதுவரை இத்தாலியின் சக்கார்டோ வகுத்த முறைப்படி ஸ்போர் உருண்டையா நீளமா, நிறம் உண்டா, குறுக்குச் சுவர் எத்தனை என்று பெட்டி பெட்டியாகப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரே நிறச் சட்டை போட்டவர்களை எல்லாம் அண்ணன் தம்பி என்று பதிவது போன்ற வேலை. கனடாவின் ஹியூஸ் 1953இல், அந்த ஸ்போர் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பாருங்கள் என்றார். சுப்பிரமணியன் 1962இல், பெங்களூரிலிருந்து வரும் கரண்ட் சயின்ஸ் இதழில், ஸ்போர் பிறக்கும் விதத்தை அடிப்படையாக வைத்தே ஹைஃபோமைசிட்டுகளுக்கு (இழையில் நேரடியாகப் பாலிலா ஸ்போர் விடும் பூஞ்சைகள்) ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார்.

ஆஸ்பெர்ஜில்லஸைத் தண்டோடு நுண்ணோக்கியில் பாருங்கள். நுனியில் உருண்டை, அதன் மேல் குப்பி வடிவச் செல்கள், ஒவ்வொரு குப்பியின் வாயிலிருந்தும் ஸ்போர் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளப்படும். கடைசியாகப் பிறந்தது குப்பியை ஒட்டி இருக்கும், மூத்தது நுனியில். வேறு சிலவற்றில் நேர்மாறு, நுனியில் இருப்பதுதான் கடைசிக் குழந்தை. இரண்டு சங்கிலியும் தூரத்தில் ஒரே மாதிரி தெரியும். பிறப்பைப் பார்த்தவனுக்குத்தான் வேறென்று தெரியும். இதுவும் உருவம்தான். இதிலும் எல்லாம் வம்சத்தோடு பொருந்தவில்லை, குப்பிச் செல் பல கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று பின்னால் மரபணு சொன்னது. ஆனாலும் டி.என்.ஏ. இல்லாத காலத்தில் கேட்ட கேள்வியின் தரம் வேறு.

மைக்ரோ லேப் அக்கா

ஐயா, அந்தக் குப்பிச் செல்லைத்தான் நான் இன்றும் நீலச் சாயத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். பாலினப் பருவத்துக்கு ஒரு பெயர், பாலிலாப் பருவத்துக்கு ஒரு பெயர் என்று மனப்பாடம் செய்த காலமும் நினைவுக்கு வருகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸும் எமெரிசெல்லா நிடுலன்ஸும் ஒரே ஆள். பெயர் விதிகளுக்கான 2011 மெல்போர்ன் மாநாட்டு முடிவுக்குப் பிறகு, 2013 ஜனவரியிலிருந்து ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர். ஆனால் 2024இல் கேண்டிடா ஆரிஸை கேண்டிடோஸைமா ஆரிஸ் ஆக்கிவிட்டார்கள், ரிப்போர்ட்டில் எதை எழுதுவது என்று இப்போது தினமும் ஒரு போன் வருகிறது. பழைய பெயரை அடைப்புக்குறியில் போட்டு அனுப்புகிறேன்.

அல்சூர்வாசி

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. தர்மபுரி அண்ணனுக்கு அச்சைக் காட்டிச் சொல்லிவிட்டேன். கடையில் பால் காளான் வாங்கிக்கொண்டு போனார். இப்போது எனக்கு ஆசை பிடித்துவிட்டது. அதே புல்வெளியில், மர நிழலில் இன்னொரு கூட்டம், சின்னது, மெல்லியது, மதியத்துக்குள் கருத்து மை மாதிரி வடிந்துவிடுகிறது. காப்ரினஸ்தானே?

மரத்தடி மைக்காலஜி

வடிகிறது என்பதற்காக காப்ரினஸ் என்று சொன்ன காலம் 2001இல் முடிந்தது. உயரமாக, சடைசடையாகச் செதிலோடு வரும் காப்ரினஸ் கொமேட்டஸும் சில நெருங்கிய சொந்தங்களும் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, உங்கள் பச்சை ஸ்போர்க் காளானின் குடும்பத்துக்கே போய்விட்டன. மற்றவை காப்ரினெல்லஸ், காப்ரினாப்சிஸ், பாரசோலா என்று வேறு குடும்பத்தில் இருக்கின்றன. மை ஆகிற வித்தை இரண்டு பக்கமும் உண்டு. குடைமேல் மினுக்கும் துகள் இருக்கிறதா, கைக்கண்ணாடியில் பாருங்கள், விடியற்காலையில்.

டேட்டா தம்பி

அல்சூர்வாசி அண்ணே, இரண்டு கூட்டத்திலிருந்தும் எனக்கு மாதிரி கொடுங்கள், வரிசை எடுக்க ஏற்பாடு செய்கிறேன். மேடம் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லட்டும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் முன்கூட்டியே சொல்லக் கூடாது.

மரத்தடி மைக்காலஜி

சம்மதம்.

மைக்ரோ லேப் அக்கா

அப்படியானால் மாதிரி எடுப்பது பற்றி நான் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். பிடுங்குவதற்கு முன்னால் செவுள், தண்டின் அடி, பக்கத்து மரம் எல்லாம் படம் எடுங்கள். கத்தியால் அடியோடு கிளப்புங்கள். பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள், வியர்த்து அழுகும், காகிதப் பை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனி எண், எண்ணைப் பைமேல் பென்சிலால். குடையின் உட்சதையில் பயறளவு கிள்ளி, சுத்தமான சின்னக் குழாயில் தனியாக வையுங்கள், மேல்தோலில் வேறு பூஞ்சை ஒட்டியிருக்கும். வடிகிற காளானை வடிவதற்கு முன்னாலேயே எடுக்க வேண்டும். மீதிக் காளானை 40 டிகிரி அளவில் மொறுமொறுவென்று ஆகும்வரை காயவைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள். பார்த்த நிறத்தையும் வாசனையையும் அன்றே எழுதிவிடுங்கள், காய்ந்த பிறகு தெரியாது. ஃபார்மலினில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அதிலிருந்து உருப்படியான டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு.